விருந்து நாளன்று குறிப்பேட்டை மூடி வைக்காதீர்கள்

ஏழு மாதமாகச் சாப்பிடுவதையெல்லாம் செயலியில் எழுதி 6 கிலோ குறைத்திருக்கிறீர்கள். அடுத்த ஆறு வாரம் விடுமுறை, விருந்து, பயணம், உறவினர் வருகை என்று வரிசை கட்டி நிற்கிறது. "இந்த ஆறு வாரம் மட்டும் எழுதாமல் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தால் என்ன? நாலு பேர் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டிருக்கக் கூச்சமாக இருக்கிறது" என்று கேட்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள் என்பதுதான் என் பதில். அதற்காக இதுவரை எழுதியபடியே கிராம் கணக்கில் எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. எடையைக் குறைக்க எழுதுவது வேறு, விருந்துக் காலத்தில் எழுதுவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலரும் முதல் விருந்தோடு கைவிட்டுவிடுகிறார்கள். நானும் அப்படிக் கைவிட்டவன்தான்.

அப்போது நான் செயலி பயன்படுத்தவில்லை, நோட்டில்தான் எழுதுவேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விடுமுறைக்கு முந்தைய பக்கங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்: "காலை 7.40, முட்டை 2, ரொட்டி 2 துண்டு, வெண்ணெய் 1 ஸ்பூன், காபி, சர்க்கரை 1 ஸ்பூன்." விடுமுறையின் முதல் நாளில் ஒரே ஒரு சொல்: "விருந்து." மறுநாள்: "விருந்து (மிச்சம்)." மூன்றாம் நாள் தேதி மட்டும் இருக்கிறது. அப்புறம் இருபது நாள் வெறும் கோடுகள். அடுத்து எழுதியிருப்பது எடை மட்டும்தான், 2.4 கிலோ கூடுதலாக. நான்கே நான்கு விருந்துக்குப் போனேன், அதற்கு 2.4 கிலோவா என்று ஒரே எரிச்சல். எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாமென்றால், பார்க்க வேண்டிய பக்கங்கள்தான் காலியாக இருந்தன.

உங்கள் பயம் கொஞ்சம் தணியட்டும். விடுமுறைக் காலத்தில் எல்லோருக்கும் மூன்று கிலோ, ஐந்து கிலோ ஏறிவிடும் என்று பேசிக்கொள்வது மிகை. அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து எடைபார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான விடுமுறைக் காலத்தில் அவர்களுக்குச் சராசரியாக ஏறியது 0.37 கிலோ. ஆனால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று அவர்களையே கேட்டபோது, அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் சொன்னார்கள். அரைக் கிலோ கூட இல்லையே என்று நிம்மதி அடைவதற்குள் அடுத்த முடிவையும் பார்த்துவிட வேண்டும். பண்டிகை முடிந்து மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்தச் சிறு ஏற்றம் பெரும்பாலும் இறங்கவில்லை. ஆண்டுதோறும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதினைந்து ஆண்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சராசரி என்பதையும் மறக்கக் கூடாது. அந்தக் கூட்டத்திலும் சிலருக்கு 2 கிலோவுக்கு மேல் ஏறியது, ஏற்கெனவே உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகமாக இருந்தது.

எழுதுவதால் இது நிற்குமா? எடைக் குறைப்புப் பயிற்சியில் இருந்த 57 பேரை வைத்து 1999இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு இதையே பார்த்தது. விடுமுறை வாரங்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தொலைபேசியிலும் தபாலிலும் "எழுதினீர்களா?" என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட ஒழுங்காக எழுதினார்கள், எடையையும் நன்றாகவே சமாளித்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 272 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையும் கிட்டத்தட்ட இதே வழியில் போனது. வாரத்துக்கு இரண்டு முறையாவது எடைபார்த்துக் குறிப்பது, பத்து எளிய யோசனைகள், எந்தப் பண்டத்தைக் கரைக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்ற அட்டவணை. அவ்வளவுதான் கொடுத்தார்கள். விடுமுறை முடிந்தபோது, இதெல்லாம் கிடைக்காத பிரிவோடு ஒப்பிட்டால் இவர்களின் எடை சராசரியாக அரைக் கிலோ குறைவாக இருந்தது. மருந்து இல்லை, பட்டினி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இந்த ஆறு வாரத்துக்கு எடை குறைக்கும் எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். இலக்கு ஒன்றே ஒன்றுதான்: இப்போதுள்ள எடை அப்படியே நிற்க வேண்டும். கூட்டமாகக் கூடி உண்ணும் காலத்தில் பற்றாக்குறைக் கணக்கோடு, அதாவது உடலுக்குச் செலவாவதைவிடக் குறைவாகவே உண்ண வேண்டும் என்று உட்கார்ந்தால் தினமும் தோற்பீர்கள். தினமும் தோற்பவர் ஐந்தாம் நாள் செயலியைத் திறக்க மாட்டார். ஆகவே செயலியில் உள்ள அன்றாடக் கலோரி வரம்பைக் கையால் உயர்த்துங்கள்.

எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு இணையத்தில் உள்ள சூத்திரம் எதுவும் தேவையில்லை. உங்கள் ஏழு மாதக் குறிப்பிலேயே விடை இருக்கிறது. ஏழு மாதம் என்பது ஏறத்தாழ முப்பது வாரம், 6 கிலோவை முப்பதால் வகுத்தால் வாரத்துக்கு 200 கிராம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு, அப்படியானால் 200 கிராமுக்கு 1,540. அதை ஏழால் வகுத்தால் நாளுக்கு 220. இவ்வளவுதான் தினமும் தேவையைவிடக் குறைவாக உண்டிருக்கிறீர்கள். நீங்கள் சராசரியாக 1,700 கலோரி என்று எழுதிவந்திருந்தால், எடை நிற்பதற்கான உங்கள் எண் 1,900ஐ ஒட்டி இருக்கும். எழுதும்போது நீங்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன, அதனால் எந்தச் சூத்திரத்தையும்விட இது உங்களுக்குப் பொருந்தும்.

அடுத்து, அந்த 1,900ஐ நாள் கணக்காகப் பார்க்காதீர்கள், வாரக் கணக்காகப் பாருங்கள். வாரத்துக்கு 13,300. சனிக்கிழமை ஒரு பெரிய விருந்து, அன்று மட்டும் 3,100 ஆகிறது என்று வையுங்கள். மிச்சம் 10,200, அதை ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,700. ஏழு மாதமாகச் சாப்பிட்டுப் பழகிய அதே 1,700! விருந்தையும் சாப்பிட்டாயிற்று, கணக்கும் நேராயிற்று. வாரத்தில் இரண்டு பெரிய விருந்து வந்தால் இந்தக் கணக்கு இடிக்கும். அந்த வாரம் கொஞ்சம் மீறத்தான் செய்யும், மீறிய அளவை எழுதிவிட்டு அடுத்த வாரத்துக்குப் போங்கள்.

ஆனால் விருந்துக்கு இடம் விட வேண்டுமென்று காலையிலிருந்து பட்டினி கிடப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். காலி வயிற்றோடு மாலை ஏழு மணிக்குப் போனவர் முதல் பத்து நிமிடத்தில், அதுவும் நின்றுகொண்டே, என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. முட்டையோ பயறோ தயிரோ, புரதமுள்ள ஏதோ ஒன்றும் காய்கறியும் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

விருந்தில் எப்படி எழுதுவது என்ற கூச்சத்துக்கு வருகிறேன். விருந்தில் எழுதவே வேண்டாம். தட்டு நிறைந்ததும் ஒரு படம். இந்தக் காலத்தில் சாப்பாட்டைப் படமெடுக்காதவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை வாங்கினால் இன்னொரு படம். வீட்டுக்கு வந்து படுப்பதற்குள் அந்தப் படங்களைப் பார்த்து எழுதுங்கள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், நினைவு தனக்குச் சாதகமாக ஒரு தட்டைக் குறைத்துவிடும். அளவுக்குக் கையே போதும்: சோறு, உருளைக்கிழங்கு போன்றவற்றை மூடிய கைமுட்டி அளவிலும், மீன், இறைச்சி, பனீர் வகையை உள்ளங்கை அளவிலும், எண்ணெய், வெண்ணெய், சாஸ் வகையைக் கட்டைவிரல் அளவிலும் எழுதலாம். அந்த வீட்டுக் குழம்பில் எவ்வளவு எண்ணெய் என்று செயலியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பட்டியலில் ஒரே பெயரில் ஐந்து பதிவு இருந்தால் நடுவில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலானதை எடுங்கள்.

கூடுதலாக ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், நாம் எல்லோருமே குறைத்துத்தான் எழுதுகிறோம். 1992இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், "எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எனக்கு எடை இறங்கவே இல்லை" என்று சொன்னவர்களின் உண்மையான உணவை உடலின் ஆற்றல் செலவை வைத்து அளந்தார்கள். அவர்கள் உண்மையில் உண்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல, அப்படித்தான் நினைவில் இருந்தது. (இதனாலேயே, நடந்ததற்காகச் செயலி தரும் "கூடுதல் கலோரி"யைச் சாப்பிட்டுத் தீர்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.)

அந்தக் குறைவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒருநாள் வீட்டில் தராசு வைத்துப் பார்த்தேன். ஒரு கை முந்திரி எடுத்தேன். பொட்டலத்தில் ஒரு பரிமாறல் 30 கிராம் என்று போட்டிருந்தது. என் கையில் வந்தது 48 கிராம், அதாவது 265 கலோரி. பேச்சு சுவாரசியத்தில் மூன்று முறை கிண்ணத்தில் கையை விட்டால் ஒரு வேளைச் சாப்பாடே முடிந்தது, தட்டில் எதுவும் விழவில்லை என்பதால் அது "சாப்பாடு" என்று தோன்றவும் இல்லை. அடுத்து எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி சுமார் 14 கிராம், 120 கலோரி. கண்ணளவில் ஊற்றினால் எப்போதும் ஒன்றரைக் கரண்டி விழுகிறது. சமைப்பவர்களுக்கு இன்னொரு ஓட்டை: உப்பு பார்க்க ஒரு கரண்டி, வறுத்தது வெந்ததா என்று ஒரு துண்டு, குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்காமல் ஒரு வாய். இதையெல்லாம் தனித்தனியாக எழுத யாராலும் முடியாது. சமைக்கும் நாளில் "ருசி பார்த்தது, 150" என்று மொத்தமாக ஒரு வரி போட்டுவிடுங்கள். மது அருந்துபவராக இருந்தால், அதிலுள்ள ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி, கொழுப்புக்கு அடுத்த இடம். கலோரியைவிடப் பெரிய தொல்லை, இரண்டாவது கிளாசுக்குப் பிறகு படமெடுக்கவும் மறந்துவிடும், கை முந்திரிக் கிண்ணத்தில் எத்தனை முறை போனது என்றும் தெரியாது. குடிப்பதற்கு முன்பே எத்தனை என்று எழுதிவிடுங்கள்.

இவ்வளவு சொன்னதால் துல்லியம்தான் முக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019இல் 142 பேரின் பதிவுகளை ஆறு மாதம் பார்த்த ஆய்வில், முதல் மாதம் எழுத நாளுக்கு 23 நிமிடம் ஆனது, ஆறாம் மாதம் 15 நிமிடத்துக்குள் முடிந்தது. அதிக எடை குறைத்தவர்கள் அதிக நேரம் செலவழித்தவர்கள் அல்ல, ஒரு நாளில் அதிகத் தடவை எழுதியவர்கள். பத்து விருந்தையும் உத்தேசமாக எழுதியவர், ஒரு விருந்தை மட்டும் கிராம் சுத்தமாக எழுதிவிட்டு ஒன்பதை விட்டவரைவிட மேலானவர்.

எழுதுவதை உண்மையில் கொல்வது நேரமின்மையோ கூச்சமோ இல்லை என்பது என் அனுபவம். வரம்பைத் தாண்டியதும் செயலியில் எண் சிவப்பாக மாறும் அந்தக் கணம்தான். இனி இன்று போனது போனதுதான், நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சொல்லும். 1975இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்திருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு வேண்டிய அளவு ஐஸ்கிரீம் வைத்தார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள் அடுத்ததைக் குறைத்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? குடிக்காதவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்களிடம் இது நேரவில்லை. வேலி ஒருமுறை உடைந்தால் தோட்டமே போச்சு என்ற எண்ணம், வேலி போட்டவருக்கு மட்டும்தான் வருகிறது.

ஆகவே சிவப்பு எண்ணைப் பார்த்த பிறகு சாப்பிடும் அடுத்த வேளையைக் கட்டாயம் எழுதுங்கள். விருந்தை எழுதத் தவறிவிட்டால்கூடப் போகட்டும், அதற்கு அடுத்த வேளைதான் முக்கியம். அது வழக்கமான காலை உணவாக, வழக்கமான அளவில் இருக்கட்டும். பிராயச்சித்தமாகச் சாறு மட்டும் குடிப்பது, இரண்டு மணி நேரம் ஓடுவது எல்லாம் வேண்டாம், மாலையில் அது வட்டியோடு திரும்பி வரும்.

எடைபார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. விருந்துக்கு மறுநாள் காலை எடைக் கருவி 1.5 கிலோ கூடுதலாகக் காட்டும். பதற வேண்டாம். 1.5 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 11,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும், யாராலும் ஒரே இரவில் முடியாது. மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்துகொள்கிறது. உப்பு தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. குடலில் உணவின் எடை வேறு. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் மூன்று நான்கு நாளில் பெரும்பகுதி இறங்கிவிடும். தினமும் காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். ஒரு நாள் எண்ணை இன்னொரு நாளோடு ஒப்பிடாதீர்கள், வாரச் சராசரியை வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து சராசரி ஏறினால்தான் அது செய்தி. பயணத்தில் கருவி இல்லையென்றால் இறுக்கமான ஒரு பேன்ட் போதும், அது பொய் சொல்லாது.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்தாது. உணவுக் கோளாறு முன்பு இருந்தவர்கள், எண்ணைப் பார்த்தாலே பதற்றமோ குற்ற உணர்ச்சியோ வந்து சாப்பாட்டைத் தவிர்ப்பவர்கள் கலோரி எழுதக் கூடாது. அவர்களுக்கு மருத்துவரின் துணையோடு வேறு வழி இருக்கிறது. நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் விருந்துக்காக ஒரு வேளையைத் தவிர்ப்பதற்கும் அளவை மாற்றுவதற்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் நான் மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது.

காலிப் பக்கங்களுக்கு அடுத்த ஆண்டு நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. அந்த ஆண்டு விடாமல் எழுதினேன், பல வரிகள் வெறும் உத்தேசம்தான். பத்தாம் நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டு விருந்தும் சேர்ந்து என் எண்ணுக்கு மேலே போனது 2,500 கலோரி. விருந்தே இல்லாத எட்டு நாளில் மேலே போனது 3,400. எந்த நேரத்தில் என்று பக்கத்தைப் புரட்டினால், ஒவ்வொரு நாளும் மாலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "இனிப்பு 2." "இனிப்பு 3." "இனிப்பு 2, மிச்சம் இருந்த வறுவல்." சாப்பாட்டு மேசையில் மூடி திறந்தபடி ஒரு டப்பா இருந்தது. அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் நடக்கும்போதெல்லாம் கை தானாக அதற்குள் போயிருக்கிறது. பசியே இல்லை, வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

டப்பாவை மூடி, நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் மேல் தட்டில் வைத்தேன். வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அடுத்த இரண்டு விருந்தில் வழக்கம்போல நன்றாகவே சாப்பிட்டேன். விடுமுறை முடிந்த வாரத்தின் சராசரி, தொடங்கிய வாரத்தைவிட 200 கிராம் கூடுதலாக இருந்தது.